டிரைவரை மாற்றியது நான்தான்

சாமி, இருபத்தைந்து வருடமாக வெண்ணந்தூரில் பாதிப் பேருக்கு நான் மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு எரியவில்லை, எதுவாக இருந்தாலும் ‘பொருள்’ என்ற இடத்தில் ஒரே வரியில் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே படிக்க மாட்டார்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லுவேன். அதனால் உனக்கும் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் மாடி அறையில் உன் பாட்டுக் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடாமல் போனதற்குக் காரணம் நீ வாங்கிய பெட்டி இல்லை. உன் கையும் இல்லை, காதும் இல்லை. நான்தான். அது எனக்கு மூன்றரை வருடமாகத் தெரியும்.

இத்தனை நாள் சொல்லாதவள் இப்போது ஏன் சொல்கிறாள் என்று கேட்பாய். போன மாதம் திவ்யா வீட்டில் உப்பு சர்க்கரை மாற்றி உங்கள் கல்யாணத்தை உறுதி செய்த அன்று, பந்தி முடிந்து நீங்கள் இரண்டு பேரும் முன் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் காப்பித் தட்டோடு கதவருகில் நின்றேன். நீ மியூசிக் எல்லாம் செய்வாய் என்று யாரோ சொன்னதாக அந்தப் பெண் கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் சும்மா ஒரு வருசமுங்க. அதுக்கு எனக்குக் காது பத்தாது” என்றாய். அவளும் சிரித்தாள். வருத்தப்பட்டுச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இப்படி இருந்திருக்காது. உயரம் என்ன, படிப்பு என்ன என்று கேட்டால் சொல்வதுபோல, முடிந்துபோன ஒரு தகவலாக அதைச் சொன்னாய். நான் ஒரு தடவை சொன்ன தப்பான சொல் உனக்குள் போய் உன்னைப் பற்றிய தகவலாக மாறியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. காப்பியைக் கொடுத்துவிட்டு நான் பின்பக்கம் போய்விட்டேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

காது பத்தாது என்றாயே, அதைப் பற்றி ஒன்று சொல்லுகிறேன். நீ மூன்றாவது படிக்கும்போது பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்து, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். தலையைத் தூக்காமலே, “பேப்பர் சிக்கப் போகுதுங்கம்மா” என்பாய். பத்து காப்பிக்குள் சிக்கும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சத்தம் மாறுகிறது என்பாய். நானும் எத்தனையோ தடவை காதைக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். அதை அப்போது ஒரு பெரிய விஷயமாக நான் நினைக்கவில்லை. மெஷினுக்கு உபயோகமான பிள்ளை என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

என்னைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் அப்பா போர் போடுகிற ரிக் லாரியோடு வடக்கே போனால் நான்கு மாதம், ஐந்து மாதம் ஆகும் திரும்பி வர. நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் ராசிபுரத்துக்கு பஸ்ஸில் போய் கம்ப்யூட்டர் படித்தேன். இந்தத் தெருவில் முதல் கம்ப்யூட்டர் என்னுடையது. கல்யாணப் பத்திரிகை அடிக்கவும் பரீட்சை ரிசல்ட் பார்க்கவும் ஊர் முழுக்க என்னிடம்தான் வந்தது. ‘கம்ப்யூட்டர் அக்கா’ என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள், பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நம் வீட்டில் ஒயர் வைத்த பொருள் எதுவானாலும் கடைசி வார்த்தை என்னுடையதாக இருந்தது. பெரும்பாலும் நான் சொன்னது சரியாகவும் இருந்துவிட்டது. அதுதான் ஆபத்து. பத்துக்கு ஒன்பது தடவை சரியாகச் சொல்லுகிறவர் பத்தாவது தடவை தப்பாகச் சொன்னால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

காலேஜ் முடித்து நீ வீட்டில் இருந்த அந்த ஒரு வருடம், கடையில் ஓரங்கட்டியிருந்த பழைய கம்ப்யூட்டரை மாடிக்குத் தூக்கிப்போனாய். மெமரி சேர்த்தாய், பாட்டு சாஃப்ட்வேர் போட்டாய். ரிசப்ஷன்களில் கீபோர்டு வாசித்துக் கிடைத்ததில் அந்த நீலப் பெட்டியை வாங்கினாய். உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் மைக், இன்னொரு பக்கம் ஹெட்போன், பின்னால் கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர். மைக்கில் பாடுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றி உள்ளே அனுப்பி, திரும்பவும் ஹெட்போனுக்கு உடனே கொண்டுவருவது அதன் வேலை என்று எனக்கு விளக்கினாய். அந்தப் பெட்டியோடு கம்ப்யூட்டர் பேசுவதற்கு ஒரு டிரைவர் வேண்டும், பெட்டி செய்த கம்பெனி கொடுக்கிற டிரைவரே இருந்தால்தான் சத்தம் தாமதமில்லாமல் வரும் என்றும் அப்போதே சொன்னாய். ஒரு நாள் உன் அப்பா போன் செய்தபோது, “டிரைவர் பிரச்சனைங்கப்பா, காலையில இருந்து அதோடதான் கெடக்கறேன்” என்றாய். அவர், எந்த வண்டி டிரைவர், எங்கே கொண்டுபோய் விட்டான் என்று பதறினார். நீயும் நானும் சிரித்தோம். அன்றைக்கு வந்த பிரச்சனையை நீயே அரை மணி நேரத்தில் சரிசெய்தாய். பழைய டிரைவரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாய், அவ்வளவுதான். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பிறகு அந்த சேலம் டான்ஸ் டீச்சரின் வேலை வந்தது. பிள்ளைகள் மேடையில் ஆட இருபது நிமிடத்துக்கு இசை வேண்டும், நீதான் முழுதாகச் செய்ய வேண்டும் என்றார். நன்றாக இருந்தால் அடுத்தடுத்த நிகழ்ச்சிக்கும் உன்னையே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நீ இரண்டு மாதம் மாடியை விட்டு இறங்கவில்லை. பாடுவதற்கு ஈஸ்வரியைக் கண்டுபிடித்ததும் நீதான். ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாண வீட்டில் பொம்பளைகளோடு உட்கார்ந்து அவள் பாடியதைக் கேட்டுவிட்டு, மறுநாளே நான் துணைக்கு வர வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வேலை செய்கிற தறிப் பட்டறைக்குப் போனாய். முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் பிள்ளைகளின் தாய், அதுவரை மைக்கைக் கையில் தொட்டதில்லை. நீ கேட்டதும் வெட்கப்பட்டுச் சிரித்து, வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். மூன்றாம் நாள் அவளே போன் செய்து வருவதாகச் சொன்னாள்.

அவள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு நடந்ததுதான் உனக்குத் தெரியாதது. நீ ராசிபுரத்தில் ஒரு ரிசப்ஷனுக்கு வாசிக்கப் போயிருந்தாய். நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடையாள அட்டை அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். கடைக் கம்ப்யூட்டர் காலையிலேயே படுத்துவிட்டது. மத்தியானம் அந்த அட்டைப் பிரிண்டரை மாடிக்குத் தூக்கிவந்து உன் கம்ப்யூட்டரில் மாட்டினேன். அது பிரிண்டரை அடையாளம் காணவில்லை. கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் டிரைவரைத் தானே தேடிப் போடும் என்று சொல்லிக்கொண்ட ஓர் இலவச புரோகிராமை நெட்டில் இருந்து இறக்கி ஓட்டினேன். பதினோரு டிரைவர் பழையதாக இருக்கிறது, மாற்றட்டுமா என்று கேட்டது. என்னென்ன என்று படித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். பிரிண்டர் ஓடியது. அட்டைகளை அடித்து முடித்தேன். பிரிண்டரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். அந்தப் பதினொன்றில் உன் நீலப் பெட்டியின் டிரைவரும் ஒன்று. கம்பெனி டிரைவரை எடுத்துவிட்டு, எந்தப் பெட்டிக்கும் பொதுவான ஒன்றை அது வைத்துவிட்டது. சாயங்காலம் நீ வந்தபோது கம்ப்யூட்டரைத் தொட்டேன் என்றுகூட நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

ஈஸ்வரி அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு பத்து மணிக்கே வந்துவிட்டாள். நான் கடையை அரை நாள் மூடிவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொடுத்து மாடிக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் நானும் வந்து வாசலில் நின்றேன். அவள் முதல் வரி பாடினாள். நிறுத்தினாள். மறுபடி பாடினாள், மறுபடி நிறுத்தினாள். “தம்பி, நான் பாடற பின்னாடியே இன்னொருத்தி பாடற மாதிரி இருக்குதுங்க” என்றாள். அவள் குரலே அவள் காதுக்குத் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தது. சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்புகிற அந்த பஃபர் அளவை நீ குறைத்தாய். தாமதம் குறைந்தது, ஆனால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்டதுபோலப் பொரிகிற சத்தம் வந்தது. பஃபரை ஏற்றினால் பொரிச்சல் நின்றது, தாமதம் திரும்பியது. தொட்டி சின்னதாக இருந்தால் தண்ணீர் நடுவில் அறுந்து அறுந்து வருகிறது, பெரிதாக இருந்தால் நிரம்பி வர நேரமாகிறது என்று நீ எனக்குச் சொன்னாய். ஹெட்போன் இல்லாமல் பாட வைத்தாய். அவளுக்குத் தாளம் பிடிபடவில்லை. இரண்டு மணி நேரம் போயிற்று. கடைசியில் அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். “எங்கொரலு மிசினுக்கு ஒத்துக்கலீங்க தம்பி. பட்டறையில கத்திக் கத்திப் பாடின கொரலு. நீங்க வேற ஆளப் பாருங்க” என்றாள். அப்படியில்லை, கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று நீ எத்தனை தடவை சொல்லியும் அவள் நம்பவில்லை. சாப்பிட்டுப் போகச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று இறங்கிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் மூன்று நாள் நீ பட்ட பாடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒயரை மாற்றினாய். முன்பக்கத்து ஓட்டையிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினாய். வேறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் மாட்டிப் பார்த்தாய். பாட்டு சாஃப்ட்வேரை இரண்டு தடவை அழித்துத் திரும்பப் போட்டாய். செய்த ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தாய். சாஃப்ட்வேரில் டிரைவர் தேர்ந்தெடுக்கிற இடத்தில் உன் பெட்டியின் பெயர் வழக்கமாக வருகிற மாதிரி வரவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். நூல் உன் கையில் கிடைத்துவிட்டிருந்தது. மூன்றாம் நாள் காலை நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது கீழே இறங்கி வந்து கேட்டாய்.

“ஏனுங்கம்மா, மாடிக் கம்ப்யூட்டர்ல நீங்க ஏதாச்சும் மாத்துனீங்களா?”

“இல்ல சாமி. நான் எதுக்கு அதத் தொடறேன்?”

கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. யோசிக்கவே இல்லை. பிரிண்டர் என் ஞாபகத்துக்கு வரவில்லை என்பது உண்மை. ஆனால் இத்தனை வருடம் கழித்து நேர்மையாகப் பார்த்தால், வரவிடவில்லை என்பதுதான் இன்னும் கொஞ்சம் உண்மை. கம்ப்யூட்டர் கெட்டதற்கு நான் காரணமாக இருக்க முடியும் என்கிற யோசனையே எனக்குள் நுழைய இடமில்லை. நீ தலையாட்டிவிட்டு மேலே போனாய். கம்ப்யூட்டரில் எதுவும் மாறவில்லை என்று அம்மா சொல்லிவிட்டாளே என்று அந்தப் பக்கம் தேடுவதையே விட்டுவிட்டாய். அன்று சாயங்காலம் நான் மாடிக்கு வந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எடை குறைவாக இருக்கிறது, எழுத்து சரியாக அச்சாகவில்லை, இது டூப்ளிகேட், யாரோ உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றேன். தெரியாத விஷயத்தில் அவ்வளவு தெளிவாக நான் பேசியிருக்கக் கூடாது. அந்த வாரமே டான்ஸ் டீச்சர் காத்திருக்க முடியாமல் சேலத்தில் வேறொருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டார்.

பெங்களூரில் வேலை இருப்பதாக உன் சிநேகிதன் கூப்பிட்டான். அப்பாவும் வடக்கிலிருந்து போனில் போகச் சொன்னார். நீ கிளம்பிய காலை, அந்தப் பெட்டியை ஒரு துண்டில் சுற்றி உன் அலமாரிக்குள் வைத்தாய். டூப்ளிகேட்டை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். “பெட்டி நல்லாத்தான் இருக்குமுங்கம்மா. எனக்குத்தான் புடிபடல” என்றாய். அந்த இடத்திலாவது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சாப்பாட்டு டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொள் என்றுதான் சொன்னேன்.

நீ போய் ஆறு மாதம் இருக்கும். புதிதாக பேக்கரி திறக்கிற ஒருவர், ஆட்டோவில் போடுவதற்கு அறிவிப்பு ஒன்று பேசிப் பதிந்து தரச் சொன்னார். போனில் பதிந்தால் இரைச்சலாக இருந்தது. உன் அலமாரியைத் திறந்து நீலப் பெட்டியை எடுத்துவந்து கடையின் புது லேப்டாப்பில் மாட்டினேன். எப்படியும் ஓடாது என்றுதான் மாட்டினேன். கம்பெனியின் வெப்சைட்டுக்குப் போய் டிரைவரை இறக்கிப் போட்டதும் பெட்டி சுத்தமாக ஓடியது. அறிவிப்பைப் பதிந்து கொடுத்துவிட்டு, அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கடையைச் சாத்திவிட்டு மாடிக்குப் போனேன். பழைய கம்ப்யூட்டரில் மாட்டினால் அதே பொரிச்சல், அதே தாமதம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து பெட்டியின் டிரைவரைப் பார்த்தேன். கம்பெனி பெயர் இல்லை. புரோகிராம் பட்டியலில் நான் இறக்கிய அந்த இலவசப் புரோகிராம் உட்கார்ந்திருந்தது. அதைப் போட்ட தேதியும், அடையாள அட்டைகள் கிடந்த ஃபோல்டரின் தேதியும் ஒன்று. ஈஸ்வரி வந்ததற்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

உடனே சரிசெய்தேன். முதலில் அந்தப் புரோகிராமை அழித்தேன், இல்லாவிட்டால் அது திரும்பவும் கை வைக்கும். நெட்டைத் துண்டித்தேன். பொது டிரைவரை, அதன் கோப்புகளையும் சேர்த்து நீக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டு எடுத்தேன். பெட்டியைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். லேப்டாப்பில் வைத்திருந்த கம்பெனி டிரைவரைப் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டபின் பெட்டியை மாட்டினேன். பாட்டு சாஃப்ட்வேரில் உன் பெட்டியின் பெயர் வந்து நின்றது. அதைத் தேர்ந்தெடுத்தேன். சத்தத்தை நொடிக்கு எத்தனை தடவை அளப்பது என்பதில் சாஃப்ட்வேர் ஒரு வேகத்திலும் பெட்டி வேறு வேகத்திலும் இருந்தன, இரண்டையும் நாற்பத்தெட்டாயிரத்துக்குக் கொண்டுவந்தேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கம்ப்யூட்டர் உன் பெட்டியைத் தூங்கவைக்கும் அமைப்பையும் நிறுத்தினேன். மொத்தம் நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மைக்கில் ஒன்று, ரெண்டு, மூணு என்று எண்ணினேன். என் குரல் என் வாயிலிருந்து வருவதுபோலவே காதில் வந்தது.

அன்றைக்கே உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். அந்த வாரம்தான் உன் வேலை நிரந்தரமானது. அப்பா சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது, பையன் மனசைக் கலைக்க வேண்டாம் என்று நினைத்தேன். இது நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். நிஜக் காரணம் சின்னது. கம்ப்யூட்டர் அக்கா ஒரு பொத்தானைப் படிக்காமல் அமுக்கினாள் என்று என் வாயால் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. தெரியாமல் செய்தது ஒரு மத்தியானம். தெரிந்தே சும்மா இருந்தது மூன்றரை வருடம். இந்த இரண்டில் நீ எதை மன்னித்தாலும் இரண்டாவதை முதலாவதோடு சேர்த்துவிடாதே.

உன் அப்பா இதில் என்னைவிட நேரானவர். ரொம்ப வருடத்துக்கு முன் வடக்கே எங்கோ ஒரு காட்டில் போர் போடும்போது நானூறு அடியில் ராடு மாட்டிக்கொண்டு குழி வீணாகிவிட்டது. பாறை சரிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அந்த விவசாயி நம்பியிருப்பார். அப்பா அவரிடம் போய், எங்கள் ஆள் செய்த தப்பு என்று சொல்லி, பக்கத்தில் வேறு குழி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். போனில் இதைச் சொன்னபோது நான் சண்டை பிடித்தேன். அந்த ஆளுக்குத் தெரியவா போகிறது என்று கேட்டேன். “அவருக்குத் தெரியாதுங்கறதாலதான் சொன்னேன்” என்றார். அப்போது எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

திவ்யா வீட்டிலிருந்து திரும்பி வந்த மறுநாள் காலை அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரிக் சத்தத்தில் அவருக்கு இப்போது காது மந்தம் என்பது உனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமாக, ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. நம் வீட்டு ரகசியம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவர் கோபப்படவில்லை. “மொதல்ல அந்தப் பாடற புள்ளகிட்டப் போ. பையனுக்கு வேலையாச்சும் கெடச்சுது. அந்தப் புள்ளைக்கு யாரு என்ன சொன்னாங்க?” என்றார். எனக்கு ஈஸ்வரியின் நினைப்பே வரவில்லை, சாமி. உன்னைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தேன்.

ஆட்டையாம்பட்டிக்குப் போனேன். அதே பட்டறைதான். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் அவளை வெளியே வேப்ப மரத்தடிக்குக் கூட்டிவந்தேன். டிரைவர், பஃபர் என்றெல்லாம் சொன்னால் அவளுக்கு விளங்காது. உன் குரல் சரியாகத்தான் இருந்தது, மெஷினைக் கெடுத்து வைத்திருந்தது நான், அது ஆறு மாதத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று, ஆனாலும் வந்து சொல்லவில்லை என்றேன். அவள் முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப எங்கொரலு நல்லாத்தான் இருந்துச்சுங்களாக்கா?”

“நல்லா இருந்துச்சு.”

“அன்னைக்கே ஒரு போன் போட்டிருக்கலாமுங்களே.”

அவ்வளவுதான் சொன்னாள். நான்கு வருடமாக மாரியம்மன் பண்டிகைக்கு அவளைப் பாடக் கூப்பிடுகிறார்களாம். மைக்குக்குத் தன் குரல் ஒத்துக்காது என்று போவதில்லையாம். இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. நான் துருவிக் கேட்டதால் சொன்னாள். இன்னொரு தடவை வந்து பாடிப் பார்க்கிறாயா என்று கேட்டேன். தறி ஓடாத நாளில் வருவதாகச் சொன்னாள். வருவாள் என்று நான் நம்பவில்லை.

வந்தாள். நீ பாதியில் விட்டுவைத்த பாட்டு அந்தக் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. அதைத் திறந்தேன். எனக்கு ராகமும் தெரியாது தாளமும் தெரியாது, சிவப்புப் பொத்தானை அமுக்கத் தெரியும். உன் நோட்டில் எழுதியிருந்த அளவிலேயே பஃபரை வைத்தேன். ஈஸ்வரி ஹெட்போனைப் போட்டுக்கொண்டு முதலில் பேசிப் பார்த்தாள். பிறகு பாடினாள். முதல் இரண்டு தடவையும் குரல் நடுங்கியது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு நான்கு வரியும் பாடி முடித்தாள். போட்டுக் காட்டினேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும் கொஞ்சம் சேர்ந்து விழுந்திருக்கிறது. இன்னொரு தடவை போடச் சொன்னாள், அதற்கப்புறம் இன்னொரு தடவை. “தம்பி கேட்டாருங்களா இத?” என்று கேட்டாள். இனிமேல்தான் என்றேன். அந்த முறை சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

அந்தப் பாட்டுக்கு நீ அமைத்த இசையை நான் கேட்டதும் அன்றைக்குத்தான். நீ செய்துகொண்டிருந்தபோது ஒரு தடவைகூட முழுதாக உட்கார்ந்து கேட்டதில்லை. எனக்கு அதை எடைபோடத் தெரியாது. அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுகிறேன். தெரியாததைப் பற்றிப் பேசி ஒரு தடவை கெடுத்தது போதும்.

வேலையை விட்டுவிட்டு வந்து பாட்டுப் போடு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ அந்த வேலையில் நன்றாக இருக்கிறாய், அதில் உனக்கும் பிடித்தம் வந்திருக்கலாம். நீ அதைத் தொடாமலே இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தொடாமல் இருப்பதற்குக் காரணம் உன் விருப்பமாக இருக்க வேண்டும், என் பொய்யாக இருக்கக் கூடாது. கல்யாணத்துக்குப் பிறகு நீயும் ஒரு வீட்டில் சில விஷயங்களில் கடைசி வார்த்தை சொல்லுகிறவனாக ஆவாய். படித்தவன், சம்பாதிக்கிறவன் என்று திவ்யா சிலதை உன்னிடம் விட்டுவிடுவாள். ஏதாவது ஓடாமல் போய் அவள் வந்து, நீங்கள் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டால், கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல். நீதான் காரணம் என்று தெரிந்தால் அன்றைக்கே சொல். மறுநாள் சொல்வது கஷ்டம், ஒரு மாதம் கழித்தால் அதற்கு ஒரு நல்ல நேரம் பார்க்க வேண்டியிருக்கும், அப்படி ஒரு நேரம் வரவே வராது. அவள் ஒன்றைச் செய்து அது சரிவராமல் போனால், உனக்கு இது வராது என்று மட்டும் சொல்லிவிடாதே. ஒயரைப் பார், ஓட்டையைப் பார், கடைசியாக யார் கை பட்டது என்று பார். ஆளைச் சொல்வது எல்லாவற்றுக்கும் கடைசியில் இருக்கட்டும்.

கல்யாணப் பத்திரிகை வைக்க வெள்ளிக்கிழமை வருகிறாய். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும். உனக்குக் கோபம் வரும். பஸ்ஸிலேயே அதை ஆற்றிவிட்டு, அம்மா பாவம் என்று சிரித்த முகத்தோடு இறங்காதே. நீ அப்படிச் செய்யக்கூடியவன், அதனால்தான் சொல்லுகிறேன். அந்தக் கோபத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வா. அப்பா சொந்தக்காரர் வீடுகளுக்குப் பத்திரிகை கொடுக்கப் போய்விடுவார். நான் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் இருப்பேன்.

அம்மா